நாலு பிளேடு கணக்கு



சென்ற இதழில் இந்தப் பக்கம் ஏன் பாதியாகச் சுருங்கிவிட்டது என்று கேட்டு ஏழெட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தவர்களுக்குத் தனியாக நன்றி. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. வண்டிக்குத்தான் முடியாமல் போயிற்று.

என்னிடம் இருப்பது 1984-ஆம் வருடத்துப் புல்லட். கொல்லிமலைக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று மைத்துனனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். அவன் முதலிலேயே, "மாமா, நாமக்கல்லுக்குப் பஸ்ஸே இருக்கு" என்றான். காதில் வாங்கவில்லை.

கள்ளக்குறிச்சி வரை ராஜநடை. ஆத்தூர் தாண்டியதும் இழுவை குறைந்தது. முறுக்கினால் சத்தம்தான் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கையை விட்டால் சைலன்ஸரில் 'டப் டப்' என்று வெடி. வெயில் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நாமக்கல்லில் இரவு தங்கினேன். மறுநாள் காலை சேந்தமங்கலம் தாண்டி, காளப்பநாயக்கன்பட்டி வந்ததும் ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது. எதிரே மலை. மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள்.

160 கிலோவுக்கு மேல் இருக்கும் இரும்பை ஓரம் கட்டினோம். பிளக்கைக் கழற்றித் துடைத்தாயிற்று. கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தினால் பெட்ரோல் ஒழுங்காகச் சொட்டுகிறது. இனி கரண்ட்தான். பழைய புல்லட்டின் ஹெட்லைட் தலையில் ஓர் ஆம்பியர் மீட்டர் இருக்கும். அழகுக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் அதுதான். சாவியைப் போட்டு, எஞ்சினின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்தினால், முள் இடப்பக்கம் சாய்ந்து, பாயிண்ட் திறக்கும்போது நடுவுக்கு வந்து, மறுபடி சாய வேண்டும். என் வண்டியின் முள் சாய்ந்தது சாய்ந்தபடியே கிடந்தது. பாயிண்ட் திறக்கவே இல்லை.

வலப்பக்கத்து வட்ட மூடியைத் திறந்து பார்த்தேன். இந்த வண்டியே ஐம்பதுகளின் ஆங்கிலேய வடிவம். அந்தப் பத்தாண்டிலேயே திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கியது. தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் இங்கே பல வருடம் ஓடியது. மூடிக்கு உள்ளே ஒரு கேம் சுற்றும். அதன்மேல் நகக்கண் அளவுக்கு ஒரு ஃபைபர் துண்டு உரசிக்கொண்டு, இரண்டு உலோகப் பொட்டுகளைப் பிரித்துப் பிரித்துச் சேர்க்கும். அவைதான் பாயிண்ட்; பிரிகிற நொடியில்தான் பிளக்கில் பொறி. 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இது நடக்கிறது. அந்த ஃபைபர் தேயாமலிருக்க அவ்வப்போது கேமில் துளி கிரீஸ் தொட்டு வைக்க வேண்டும். நான் கடைசியாக எப்போது வைத்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறைகிறது. பொறி தாமதமாக விழுகிறது. எஞ்சின் சூடாகிறது, இழுவை போகிறது. ஆத்தூரிலேயே வண்டி சொல்லியிருக்கிறது. வெயில்மேல் பழி போட்டவன் நான்தான்.

சரி, இடைவெளியை வைத்துவிடலாம். 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். அளக்கிற ஃபீலர் கேஜ்? சென்னையில், புத்தக அலமாரியின் மேல்.

ஞாயிற்றுக்கிழமை. டூவீலர் கடை பூட்டிக் கிடந்தது. லாரிக்குப் பேர்போன ஜில்லா ஆயிற்றே என்று பக்கத்து லாரிப் பட்டறையில் போய் நின்றேன். பெரியவர் ஒருவர் சிரித்தார். "நம்முளுது பாடி கட்டுற பட்டறைங்க. எஞ்சினையே தொடறதில்லை. கேஜுக்கு எங்க போறது?" நியாயம்தான். ஆனால் கிரீஸ் வேண்டுமா என்று ஒரு டப்பாவையே நீட்டினார். கடுகளவு போதும் என்று விரல் நுனியில் தொட்டுக்கொண்டேன். அதிகம் வைத்தால் தெறித்துப் பாயிண்டில் ஒட்டிக்கொள்ளும். என் விரலையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டணத்துக் கஞ்சத்தனம் என்று நினைத்திருக்கலாம்.

பட்டறைக்கு அடுத்தது சலூன். உள்ளே ஐந்து பேர் காத்திருந்தார்கள். ஒருவர் முகத்தில் பாதி நுரையோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி பிடித்திருந்த இளைஞர் வாசலுக்கு வந்து, "பாயிண்ட் கேப்புங்களா அண்ணா? எங்கப்பா ஜாவா பைக் வெச்சிருந்தாருங்க. பிளேடுதான் வெச்சுப் பார்ப்பாரு" என்றார்.

எனக்கு உறைக்க ஒரு நொடி ஆயிற்று. சவர பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர். நாலு சேர்த்தால் 0.4. அவர் புது பிளேடு இரண்டை உறையோடு எடுத்து, கத்தியில் மாட்டுவதற்கு உடைக்கிற மாதிரியே பாதியாக உடைத்து, நாலு பாதியையும் துண்டில் துடைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தார். பார்த்துப் பிடியுங்கள் என்றும் சொன்னார். பிளேடின் எண்ணெய் பாயிண்டில் படக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அப்பாவிடம் நல்ல பாடம்.

பொட்டுகளை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, பெட்ரோல் தொட்ட விசிட்டிங் கார்டால் துடைத்தேன். மைத்துனன் டீகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இஞ்ச் இஞ்சாக இறக்கினான். கேமின் மேடு ஃபைபருக்கு நேரே வந்ததும் பூட்டுத் திருகைத் தளர்த்தி, பிளேடுகளை நடுவில் நுழைத்து, இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிற அளவில் திருகை இறுக்கினேன். மறுபடி கிக்கரை அழுத்தியபோது முள் சாய்ந்தது, நடுவுக்கு வந்தது, சாய்ந்தது. இரண்டாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. சலூனுக்குள்ளிருந்து யாரோ விசிலடித்தார்கள். அந்தப் பாதி நுரைக்காரராக இருக்கலாம்.

பழைய வண்டிதான் வண்டி என்று பேசுகிற கட்சியில் நான் இல்லை. இன்றைய வண்டியில் பாயிண்டே கிடையாது, தேயவும் தேயாது, நடுவழியில் இப்படி நிறுத்தவும் நிறுத்தாது. அது முன்னேற்றம்தான். ஆனாலும், ஒரு லாரிக்காரரும் ஒரு சலூன்காரரும் தங்கள் வேலைச் சாமானாலேயே சரி செய்கிற வண்டியைக் கொடுத்துவிட எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

பிளேடுக்குக் காசு கொடுத்தபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். "எறங்கும்போது வந்து ஒரு ஷேவிங் பண்ணிட்டுப் போங்கண்ணா, சரியாப் போயிரும்." கண்டிப்பாக வருகிறேன் என்றேன்.

எழுபது வளைவும் பெரும்பாலும் இரண்டாவது கியரில். செம்மேட்டில் மிளகுக் கொடியும் பலாவும் மைத்துனனை பஸ்ஸை மறக்க வைத்தன. அந்தக் கதை தனியாக வரும். நீங்களும் இப்படி வழியில் எதையாவது வைத்து வண்டியைச் சரி செய்திருந்தால் எழுதி அனுப்புங்கள். ஹேர்பின், சோப்பு, சிகரெட் அட்டை, எதுவானாலும் சரி. ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் இறங்கி, சொன்னபடி சலூன் வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. டீக்கடைக்காரர்தான் எட்டிப் பார்த்தார்.

"செவ்வாக்கெழமையில சலூன் ஏதுங்க?"

மூன்று நாள் தாடியோடு சென்னை வந்து சேர்ந்து, அன்று ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து எழுதியதுதான் அந்த அரைப் பக்கம்.

அன்புடன்,
ஆசிரியர்