வாய்க்காலுக்கு முறை உண்டு, இணையத்துக்கு இல்லையா?

தொழிலாளத் தோழர்களே, பெற்றோரே!

"இணையம் போதாது, பிள்ளைகள் பொறுக்கத்தான் வேண்டும்." கணினி அறையின் வேகம் பற்றி முறையிடப் போகும் ஆசிரியர்களாகிய எங்களுக்குக் கிடைக்கும் பதில் இது. இதை நாம் ஏற்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பாடசாலைக்கு 10 மெகாபிட் இணைப்பு என்று வையுங்கள். 40 கணினிகள் ஒரே நேரத்தில் திறந்தால் ஒன்றுக்குக் கால் மெகாபிட்தான். பாட வீடியோ தெளிவாக ஓட ஒரு மெகாபிட்டாவது வேண்டும். அதே இணைப்பில் இன்னொரு பாடசாலையையும் சேர்த்தால் கால் அரைக்காலாகும். இத்தனை பாடசாலைகளை இணைத்துவிட்டோம் என்று மேடையில் பெருமை பேசுவோர், குழாயைப் பெருப்பிக்காமல் வீடுகளை மட்டும் கூட்டுகிறார்கள்.

படுவான்கரை வயல்காரருக்கு இது புதிதல்ல. உன்னிச்சைக் குளத்தில் நீர் குறைந்தால் வட்டவிதானை முறை வைப்பார். தலைப்பில் இருப்பவர் மறித்தால் கடைவயல் காயும் என்று அவருக்குத் தெரியும். இணையத்துக்கும் முறை வைக்கலாம். கணினிகளைப் புதுப்பிக்கும் வேலையை இரவில் செய்யலாம். 40 பிள்ளைகள் பார்க்கும் பாடத்தை ஒரு முறை இறக்கிப் பாடசாலைக் கணினி ஒன்றில் வைத்தால், 40 முறை வெளியிலிருந்து இழுக்கத் தேவையில்லை. பரீட்சை வகுப்புக்கு முதலிடம் கொடுக்கலாம்.

ஆனால் முறை வைத்தால் மட்டும் குளம் நிறையாது. இணைப்பையும் பெருப்பிக்க வேண்டும்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. அரசு அவற்றைப் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருந்தோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கூலிக் காசில் டேட்டா போட்டுப் பிள்ளைக்கு ஃபோனைக் கொடுத்தோம். பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையில் ஏறியது 2021இல் உலகச் செய்தியானது. இனியும் கடைசி வரிசையில் நிற்க மாட்டோம்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வாருங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எங்கள் பாடசாலைக்கு எத்தனை மெகாபிட் வருகிறது? அதை எத்தனை பாடசாலைகள் பகிர்கின்றன? புதிய பாடசாலையைச் சேர்க்கும்போது இணைப்பு எவ்வளவு கூட்டப்படும்?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பதிலை நம்பி ஏமாந்தது போதும். தராவிட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கு எல்லாரும் சேர்ந்தே போவோம்.