ஷெஃபீல்டில் ஆசியாவின் முதல் மகுடம்: ஸ்னூக்கர் உலகில் மாறும் மையம்

ஷெஃபீல்டு, மே 6: உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் பட்டத்தைச் சீன வீரர் சாவோ ஜின்டாங் வென்றுள்ளார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள குருசிபிள் அரங்கில் திங்கள்கிழமை நிறைவடைந்த இறுதி ஆட்டத்தில், வேல்ஸ் நாட்டின் மார்க் வில்லியம்ஸை அவர் 18-12 என்ற ஃபிரேம் கணக்கில் வீழ்த்தினார். இப்பட்டத்தைக் கைப்பற்றிய முதல் சீனரும் முதல் ஆசியரும் அவரே.

28 வயதான சாவோ இத்தொடரில் தொழில்முறை அல்லாத வீரராகவே களமிறங்கினார். தகுதிச் சுற்றில் நான்கு ஆட்டங்களையும் பிரதான சுற்றில் ஐந்து ஆட்டங்களையும் வென்றால் மட்டுமே கோப்பை என்ற நிலையில், அந்த ஒன்பதையும் அவர் வென்று காட்டினார். முதல் சுற்றில் கடந்த ஆண்டு இறுதிவரை முன்னேறிய ஜாக் ஜோன்ஸ் 10-4 என்ற கணக்கிலும், அரையிறுதியில் ஏழு முறை உலக சாம்பியனான ரோனி ஓ'சல்லிவன் 17-7 என்ற கணக்கிலும் அவரிடம் தோற்றனர். தகுதிச் சுற்றிலிருந்து வந்து குருசிபிளில் கோப்பையை வென்றவர்களில் டெர்ரி கிரிஃபித்ஸ் (1979), ஷான் மர்ஃபி (2005) ஆகியோருக்குப் பிறகு இவர் மூன்றாமவர்.

இறுதி ஆட்டத்தின் முதல் அமர்விலேயே 7-1 என முன்னிலை பெற்ற சாவோ, மூன்றாவது அமர்வின் முடிவில் 17-8 என வெற்றியின் வாசலை எட்டியிருந்தார். மூன்று முறை உலக சாம்பியனான 50 வயது வில்லியம்ஸ் அதன்பின் தொடர்ந்து நான்கு ஃபிரேம்களை வென்று ஆட்டத்தை நீட்டித்தார். எனினும் தொடக்கத்தில் விழுந்த இடைவெளியை அவரால் ஈடுகட்ட இயலவில்லை. குருசிபிள் இறுதியில் ஆடிய மிக மூத்த வீரர் என்ற சிறப்பு அவருக்குக் கிட்டியது.

சாவோவின் பரிசுத்தொகை 5 லட்சம் பவுண்டுகள். ஸ்னூக்கர் உலகத் தரவரிசை, தரவரிசைப் போட்டிகளில் இரண்டு ஆண்டுகளில் ஈட்டிய பரிசுத்தொகையை அடிப்படையாகக் கொண்டது. அதனால் இந்த ஒரே வெற்றி, பட்டியலில் இடமே இல்லாதிருந்த வீரரை 11-ஆம் இடத்துக்கு உயர்த்தியுள்ளது.

அவர் தரவரிசைக்கு வெளியே இருந்ததற்கான காரணத்தை இவ்வெற்றி மறைத்துவிடாது. ஸ்னூக்கரை உலுக்கிய சூதாட்ட முறைகேட்டு விவகாரத்தில் 2023-இல் தண்டிக்கப்பட்ட பத்து சீன வீரர்களில் அவரும் ஒருவர். அவர்களில் இருவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. சாவோ தம்முடைய ஆட்டம் எதனையும் விலைபேசவில்லை. சக வீரர் இரு ஆட்டங்களில் செய்த முறைகேட்டுக்கு உடந்தையாக இருந்ததையும், ஸ்னூக்கர் ஆட்டங்களின் மீது பந்தயம் கட்டியதையும் ஒப்புக்கொண்டார். 30 மாதத் தடை, குற்றத்தை முன்கூட்டியே ஒப்புக்கொண்டதால் 20 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. அது 2024 செப்டம்பரில் முடிவுற்றது.

எனவே இந்த வெற்றி இரு விதமாகப் பார்க்கப்படும். தண்டனையை முழுமையாக அனுபவித்தவருக்கு மீண்டும் கதவு திறக்கப்பட வேண்டும் என்பது ஒரு வாதம். இளம் வயதிலேயே தாயகம் விட்டு இங்கிலாந்தில் தங்கிப் பயிலும் வீரர்களைப் பந்தயத் தரகர்களிடமிருந்து காக்கும் ஏற்பாடு போதுமானதா என்பது மற்றொரு கேள்வி. முதல் கூற்றுக்கு ஷெஃபீல்டு விடை தந்துவிட்டது. இரண்டாவதற்கு விளையாட்டின் நிர்வாகிகள்தாம் விடை தர வேண்டும்.

சீனாவின் எழுச்சி ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 2005-இல் 18 வயது டிங் ஜூன்ஹூய் பெய்ஜிங்கில் ஸ்டீஃபன் ஹென்ட்ரியை வென்று சீன ஓபன் பட்டம் பெற்றபோது தொடங்கிய அலை அது. 2016 உலக இறுதியில் டிங் 14-18 எனத் தோற்றார். ஆயினும் அவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நின்றுவிடவில்லை. இப்பருவத்தில் சியான், வூஹான், நாஞ்சிங், யூஷான் ஆகிய நான்கு சீன நகரங்களில் தரவரிசைப் போட்டிகள் நடைபெற்றன. உலக சாம்பியன்ஷிப்பின் 32 பேர் கொண்ட பிரதான சுற்றில் பத்துப் பேர் சீனர்கள். நடப்பு சாம்பியன் கைரன் வில்சனை முதல் சுற்றிலேயே 10-9 என வெளியேற்றியவரும் சீனாவின் லெய் பைஃபன்தான்.

இந்தியாவுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 1875-இல் ஜபல்பூரில் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளிடையே உருவாகி, பின்னர் உதகை கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ஆட்டம் இது. அதன் 150-ஆவது ஆண்டில் உலக மகுடம் ஆசியாவுக்கு வந்திருக்கிறது. ஆனால் பிறந்த மண்ணுக்கு அன்று. 2013-இல் புதுதில்லியில் நடந்த இந்திய ஓபன் இறுதிவரை முன்னேறிய ஆதித்ய மேத்தா, அதே டிங்கிடம் 0-5 எனத் தோற்றார். பங்கஜ் அத்வானி 2012-இல் தொழில்முறைச் சுற்றில் சேர்ந்து 2014-இல் விலகினார். மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம் எனத் தொடர்ந்த இந்திய ஓபன், 2019 கொச்சிப் போட்டிக்குப் பின் நடைபெறவில்லை.

திறமைக்கு இங்கு பஞ்சமில்லை. சொந்த மண்ணில் தொடர்ந்து நடக்கும் போட்டிகளும், தொழில்முறை வாழ்வின் செலவைத் தாங்கும் ஆதரவும்தான் சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான தொலைவு. டிங்கின் முதல் வெற்றிக்கும் சாவோவின் மகுடத்துக்கும் இடையே 20 ஆண்டுகள் கடந்தன. அத்தகைய பயணத்தை இந்தியா எப்போது மீண்டும் தொடங்கும் என்பதே இப்போதைய கேள்வி.