போகும் பறவையும் இருக்கும் பறவையும்



திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில், வாடைக் காலத்தில் வந்திறங்கும் வரித்தலை வாத்துகளை உங்களில் சிலர் கண்டிருக்கலாம். வெண்ணிறத் தலையின் பின்புறம் இரண்டு கரிய கோடுகள், அதனாலேயே அப்பெயர். மங்கோலியாவிலும் திபெத்திய மேட்டுநிலத்து ஏரிகளிலும் குஞ்சு பொரிப்பவை அவை. இலையுதிர் காலத்தில் கூட்டமாய் எழுந்து, இமயத்தைக் கடந்து, தெற்கு நோக்கி வருகின்றன. கருவி பொருத்திக் கண்காணித்ததில், 7,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும் அவை பறந்தமை தெரியவந்துள்ளது. மனிதன் மூச்சுத் திணறும் அவ்வுயரத்தில், குறைந்த உயிர்வளியையும் பற்றிக்கொள்ளும் குருதியைப் படைத்தவர் அவற்றிற்கு அளித்திருக்கிறார். இவ்விருந்தினர் அஞ்சலாகாது என்று கூந்தன்குளத்து மக்கள் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை.

இப்பயணத்தை வியக்கும் நாம், அதே இமயத்தில் தங்கிவிடும் பறவையை எண்ணுவதில்லை. காக்கையினத்தைச் சேர்ந்தது அது. கரிய உடல், மஞ்சள் அலகு, சிவந்த கால்கள். 6,500 மீட்டர் உயரத்திலும் அது கூடு கட்டியதுண்டு. பனிக்காலம் வந்தாலும் அது மலையைத் துறப்பதில்லை. பகலில் பள்ளத்தாக்கிற்கு இறங்கி, மனிதர் வாழுமிடங்களின் அருகே கிடைத்ததை உண்டு, மாலையில் பாறை இடுக்கிற்குத் திரும்புகின்றது. இறகுகளைச் சிலிர்த்து, அவற்றிடையே காற்றைத் தேக்கி, உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்கின்றது. அதற்கு வேடிக்கை பார்ப்போர் கூட்டம் இல்லை. ஆயினும் போவதற்கு வலிமை தந்தவரே இருப்பதற்கும் பொறுமை தந்தார்.

சென்ற ஆண்டு வீடு மந்திரிக்கப் போயிருந்தபோது, ஒரு முதிய தாய் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். "மூத்தவன் துபாயில் இருக்கிறான், சாமி. இந்தத் தளம் போட்டது அவன் பணம்தான்" என்றார். தீர்த்தச் செம்பை ஏந்தி நம் அருகே நின்ற இளையவனைப் பற்றிக் கேட்டோம். "இவனா? இவன் எங்கேயும் போகவில்லை; இங்கேயேதான் கிடக்கிறான்" என்றார். அத்தாய் நோயுற்ற நாள்களில் மருத்துவமனையில் இரவெல்லாம் கண்விழித்தவன் அவனே. அவன் தலைகுனிந்தான். நாமோ, மூத்தவனின் நலனுக்காக மட்டும் செபித்துவிட்டு அடுத்த வீட்டிற்கு நடந்தோம். அது இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

அயல்நாடு செல்வோரைக் குறைகூற இதை எழுதவில்லை. பிரிவைத் தாங்கி, வெயிலில் உழைத்து அவர்கள் அனுப்பும் பணத்தில் எத்தனையோ இல்லங்களில் அடுப்பு எரிகின்றது. ஆனால் ஊதாரி மைந்தன் உவமையை நினைத்துப் பாருங்கள். தொலைவிலிருந்து திரும்பிய மகனை எதிர்கொள்ள ஓடிய அதே தந்தை, வீட்டிலேயே உழைத்துக் கிடந்து மனம் புண்பட்ட மூத்த மகனையும் தேடி வெளியே வந்தார். விருந்தின் நடுவிலும் அவனை அவர் மறக்கவில்லை. நாமோ மறந்துவிடுகிறோம். வயல் பார்ப்பவன், தாயின் மருந்து வேளையை நினைவில் வைத்திருப்பவன், மாமியாரின் படுக்கையை மாற்றும் மருமகள் ஆகியோரின் பெயர் நம் குடும்பச் செபத்தில் ஒலிக்கின்றதா?

இன்றிரவு செபமாலை முடிந்ததும், தொலைவில் இருப்பவரின் பெயரோடு அருகில் இருப்பவரின் பெயரையும் சொல்லி, அவர் காது கேட்க நன்றி கூறுங்கள். இவ்வாண்டு அவ்வீட்டிற்குச் செல்லும்போது, நாம் முதலில் அந்த இளையவனின் தலைமீதே கை வைத்துச் செபிப்போம்.