நம் கோயில் அண்ணர்

வயதில் மூத்தவர் இளையவரை ‘அண்ணா’ என்று அழைப்பது உலக வழக்கில் இல்லை. வைணவ சம்பிரதாயத்தில் அப்படியோர் அழைப்பு உண்டு. அதற்குக் காரணமாய் அமைந்த தலம், மதுரைக்கு வடக்கே அழகர்மலை அடிவாரத்திலுள்ள திருமாலிருஞ்சோலை.

நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் பதிகத்தில், இத்தலத்துப் பெருமானுக்கு 100 தடா வெண்ணெயும் 100 தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டாள் ஆண்டாள். அரங்கனோடு கலந்துவிட்டவளால் அதனைச் செலுத்த இயலவில்லை. பின்னாளில், 1017-இல் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இராமாநுசர் அப்பாசுரத்தில் உள்ளம் தோய்ந்தார். தங்கையின் நேர்த்திக்கடன் நிற்கத் தமையன் வாளாவிருப்பதோ என்று எண்ணினார் போலும். அழகர் திருமுன் இருநூறு தடாவையும் சமர்ப்பித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றார். ஆண்டாள் அர்ச்சாவிக்கிரகமாகவே முன்வந்து, ‘நம் கோயில் அண்ணரே’ என்று அழைத்தாள் என்பர் பெரியோர்.

‘கோயில்’ என்றால் வைணவர்க்குத் திருவரங்கம். இராமாநுசர் வாழ்ந்து திருப்பணி நடத்திய இடம். ‘நம்’ என்பதில் உரிமை. ‘அண்ணன்’ என்னாது ‘அண்ணர்’ என்றதில் மரியாதை. ஆண்டாளின் வாழித்திருநாமமும் அவளை இராமாநுசருக்குப் பின்பிறந்தவளாகவே போற்றுகிறது. ஆண்டுக்கணக்குப் பார்ப்பவர்க்கு இது முரணாகத் தோன்றலாம். தமையனுக்குரிய கடமையைச் செய்தவரைத் தமையன் என்னாமல் வேறு எவ்வாறு அழைப்பது?

பேரப்பிள்ளைகள் சித்தப்பாவையும் மாமாவையும் அயல்வீட்டாரையும் ‘அங்கிள்’ என்று ஒரே சொல்லால் அழைப்பது கேட்டு வருந்தும் முதியோர் பலர். அச்சொல்லில் மரியாதை இல்லாமலில்லை. தாய்மாமன் சீர் செய்யக் கடமைப்பட்டவர், சித்தப்பா தந்தைக்கு நிகரானவர் என்னும் உறவுதான் அதில் இல்லை.

மரியாதை பற்றிய இன்னொரு நிகழ்ச்சியும் அழகர் திருமுன் நடந்ததாகக் கூறுவர். பெருமாள் பெயர் குறித்து அழைப்பதற்கு ‘அருளப்பாடு’ என்று பெயர். ‘நாயிந்தே’ என்று விடையிறுத்து முன்வருவது மரபு. ஒருநாள் இராமாநுசருடைய அடியார்க்கு அழகர் அருளப்பாடிட்டார். எல்லோரும் வந்தனர், பெரிய நம்பியின் வழியினர் சிலர் மட்டும் வரவில்லை. பெரிய நம்பி இராமாநுசருக்கு ஆசாரியர். ஆசாரியர் குலத்தில் பிறந்து சீடருடைய அடியாராக எழுந்து செல்வதா என்பது அவர்கள் தயக்கம். அதுவும் நியாயமே.

அழகர் சினக்கவில்லை. தசரதனும் வசுதேவனும் தம்மை வெறும் மகன் என்று எண்ணியிருந்தது எப்படியோ, இராமாநுசனை இவர்கள் சீடன் என்று எண்ணியிருப்பதும் அப்படியே என்றாராம்.