சூட்டில் ஸ்டார்ட் எடுக்காத கார்



"மிஸ், காலையில ஒரே சாவியில எடுக்குது. ஆசுபத்திரி வாசல்ல பத்து நிமிசம் நிப்பாட்டினா எடுக்கவே மாட்டேங்குது" என்றார் நோர்வுட் பக்கத்து அக்கா ஒருவர்.

1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன குடும்பம் அவருடையது. 2009இல் கணவரைப் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். அண்ணனும் காலமான பின், அவர் விட்டுப்போன பழைய மொரிஸ் மைனர் காரில் ஹயர் ஓடித்தான் சீவியம். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள், அட்டனுக்கு ரியூசன் பிள்ளைகள்.

ஒரு கராஜில் பற்றரி போய்விட்டது என்றார்கள். தோட்டை அடகு வைத்துப் புதிய பற்றரி போட்டார். மறுநாளே காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒரு தாயை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, மழையில் முக்கால் மணி நேரம் நின்றது வண்டி. பிறகு ஒன்றும் நடவாததுபோல் ஸ்டார்ட் எடுத்தது. கராஜுக்குப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடும். அங்கே குறை தெரியாது. சூட்டில் வரும் குறையைச் சூட்டில்தான் பார்க்க வேண்டும்.

நான் படித்தது சமூகவியல். இந்த வித்தை லொறி ஓட்டிய என் அப்பாவிடம் கேட்டது.

சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி மூடி வைத்தாலும் உள்ளே கொதி அடங்காதல்லவா? எஞ்சினும் அப்படியே. ஓடும்போது தண்ணீரும் விசிறியும் அதை ஆற்றும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிட, பக்கத்திலுள்ள பாகங்களில் சூடு இன்னும் ஏறும். மொரிஸ் மைனரில் புகை வெளியேறும் இரும்புக் குழாய்க்கு மேலேயே காபரேற்றர் இருப்பதால் பெற்றோலும் சூடாகிறது. மலையில் இது கூடுதல். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீரே ஏறக்குறைய 94 பாகையில் கொதித்துவிடும். பெற்றோலும் கீழ்நாட்டைவிடச் சீக்கிரம் ஆவியாகும். "மலைக்கு அப்படித்தான்" என்று அக்காவிடம் பலரும் சொன்னது அதனால்தான். அது முழுப் பொய்யில்லை. ஆனால் இந்தக் காருக்கு அது காரணமில்லை.

ஒரு சனிக்கிழமை டிக்கோயா வரை ஓடி, வேண்டுமென்றே பத்து நிமிடம் நிறுத்தினோம். சாவியைத் திருப்பினால் எஞ்சின் காலையில் சுற்றிய அதே வேகத்தில் சுற்றியது. ஆகவே பற்றரியில் குறையில்லை. இழுத்து இழுத்துச் சுற்றியிருந்தால் பற்றரி, அதன் வயர் முனைகள், ஸ்டார்ட்டர் மோட்டரைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது நெருப்புப் பொறி. இதைப் பெற்றோல் வாடை இல்லாத இடத்தில், வேறெதையும் கழற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மேலதிக பிளக் ஒன்றை வயரில் மாட்டி, ரப்பர் பிடிபோட்ட குறட்டால் அதன் உடலை எஞ்சின் இரும்பில் தொடவைத்தேன். அக்கா சாவியைத் திருப்பினார். நீலமாகச் சுள்ளென்று வரவேண்டிய பொறி, மஞ்சளாக ஒருமுறை மினுங்கிவிட்டு நின்றது. பிறகு எஞ்சினிலிருந்த பிளக்கைத் துணி சுற்றிக் கழற்றினோம். பெற்றோலில் நனைந்திருந்தது. பெற்றோல் வருகிறது, பொறிதான் இல்லை.

பிளக் காய்ந்திருந்து பொறி நன்றாக இருந்தால் பெற்றோல் ஆவியாகி அடைத்திருக்கலாம். பெற்றோல் குழாயில் ஈரத்துணி போட்டுக் காத்திருக்கலாம். நனைந்திருந்து பொறியும் நன்றாக இருந்தால் பெற்றோல் கூடிவிட்டது; அக்ஸிலேட்டரைக் கடைசிவரை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும், விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. எது எப்படியானாலும் சூட்டில் ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் எஞ்சினில் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

அக்காவின் வண்டிக்கு இரண்டு சந்தேகம்: கொயில், அல்லது டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் கொண்டென்சர். அப்பாவுக்குத் தெரிந்த பாஸ் ஒருவர் அதே சூட்டில் வேறு கொயில் போட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. கட்டைவிரல் அளவு கொண்டென்சரை மாற்றியதும் எடுத்தது. சூடானால் அதன் உள் காப்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி வேலை செய்யும். பற்றரிக்குக் கொடுத்த காசில் மிகச் சிறு பங்குதான் அதன் விலை.

பெற்றோல் ஊசியால் பாயும் புதிய கார்களில் கொண்டென்சர் இல்லை, காரணங்கள் வேறு. ஆனால் எந்த வண்டியானாலும் கராஜில் சொல்லும்போது "ஸ்டார்ட் ஆகுதில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு ஓடிய பின், எத்தனை நிமிடம் நிறுத்திய பின், சுற்றுகிறதா இல்லையா என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

அக்கா இப்போது எழுதுகிறார். தோட்டை மீட்க இன்னும் இரண்டு மாத ஹயர் ஓட வேண்டுமாம்.