பதக்கம் வந்தது, பையன்கள் எங்கே போவார்கள்?

2025 டிசம்பர் 10ஆம் தேதி, சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். உலக ஜூனியர் ஹாக்கிப் போட்டியில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். நான்கில் மூன்று பகுதி முடிந்துவிட்டது. அர்ஜென்டினா இரண்டு கோல், இந்தியா பூஜ்யம். இனி என்ன இருக்கிறது என்று நினைக்கும் நேரத்தில் நம் பையன்கள் எழுந்தார்கள். அங்கித் பால் ஒன்று போட்டார். மன்மீத் சிங் ஒன்று. சாரதானந்த் திவாரி ஒன்று. அன்மோல் எக்கா ஒன்று. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நான்கு கோல்! 4-2 என்று வென்று வெண்கலத்தை வாங்கினார்கள். ஜூனியர் உலகக் கோப்பையில் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம் இது.

பாராட்டுவோம். மனமாரப் பாராட்டுவோம். ஆனால் பாராட்டு முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பதும் நம் வேலை. இதே அணி அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்றது. அந்த ஜெர்மனி இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை வென்று, 2023ஐத் தொடர்ந்து மீண்டும் கோப்பையைத் தூக்கிச் சென்றது. அவர்களுக்கு அது எட்டாவது கோப்பை. நமக்கு இதுவரை இரண்டு.

எழும்பூரில் ஆடிய நம் பையன்கள் எல்லோரும் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்கள். 2028ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வரும்போது அவர்களில் எத்தனை பேர் களத்தில் இருப்பார்கள்? இராதவர்கள் எங்கே இருப்பார்கள்? பத்திரிகைகள் பதக்கத்தோடு செய்தியை முடித்துக்கொள்ளலாம். உழைப்பாளி வீட்டிலிருந்து பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகிற நாம் அங்கே முடித்துக்கொள்ள முடியாது.

இரண்டு கோப்பை, இரண்டு கதை

பழைய கணக்கைப் புரட்டுவோம். இந்தியா ஜூனியர் உலகக் கோப்பையை வென்றது இரண்டே முறை: 2001ல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில், 2016ல் லக்னோவில்.

2001ல் இறுதி ஆட்டத்தில் இதே அர்ஜென்டினாவை 6-1 என்று நொறுக்கினார்கள். தீபக் தாக்கூர், ககன் அஜித் சிங், ஜுக்ராஜ் சிங் என்று நாடே பெயர் சொன்னது. பொற்காலம் திரும்பிவிட்டது என்றார்கள். நடந்தது என்ன? 2003ல் ஜுக்ராஜ் கார் விபத்தில் படுகாயம் அடைந்தார்; அதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முறிந்தது. அவர் இடத்தில் நிற்பதற்கு இன்னொரு பையன் தயாராக இல்லை. 2004ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கும்போது பயிற்சியாளரை மாற்றினார்கள். கிடைத்தது ஏழாவது இடம். 2008ல் பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. 1928 முதல் இந்திய ஹாக்கி இல்லாமல் நடந்த முதல் ஒலிம்பிக் அது. கோப்பையை வென்ற ஏழே ஆண்டில் இந்தக் கதி!

2016ன் கதை வேறு. லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்றார்கள். அந்த இரண்டு கோலையும் போட்டவர்கள் குர்ஜந்த் சிங், சிம்ரன்ஜீத் சிங். ஐந்தாண்டு கழித்து, 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 ஆண்டுப் பஞ்சம் தீர்ந்து வெண்கலம் வந்ததே, அந்த அணியில் இருவரும் இருந்தார்கள். அவர்கள் மட்டுமா? ஹர்மன்ப்ரீத் சிங், வருண் குமார், சுமித், நீலகண்ட சர்மா, மன்தீப் சிங். ஆக, லக்னோவின் பதினெட்டுப் பேரில் ஏழு பேர் டோக்கியோவில் பதக்கம் அணிந்தார்கள். அவர்களில் நால்வர் 2024ல் பாரிஸிலும் அணிந்தார்கள். பாரிஸில் தலைவராக நின்று பத்து கோல் போட்ட ஹர்மன்ப்ரீத், பஞ்சாபில் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை.

இரண்டும் ஒரே கோப்பை. 2001ல் விளைச்சல் வீடு வந்து சேரவில்லை. 2016ல் வந்து சேர்ந்தது. திறமையில் இரு கூட்டத்துக்கும் குறைவில்லை. வேறுபாடு அவர்களுக்குப் பின்னால் நின்ற ஏற்பாட்டில் இருந்தது.

2012ல் லண்டனில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தோம். அந்த அடி விழுந்த பிறகு சில காரியங்கள் நடந்தன. 2013 முதல் 2017 வரை ஹாக்கி லீக் நடந்தது. அதில் நம் பையன்கள் உலகத்தின் முதல் தரமான ஆட்டக்காரர்களோடு ஒரே அணியில் ஆடினார்கள். ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். பெங்களூரில் பயிற்சி முகாம் தொடர்ந்து நடந்தது. 2018ல் ஒடிசா சர்க்கார் தேசிய அணிகளைத் தத்தெடுத்துக்கொண்டது. ஹர்மன்ப்ரீத், ஜூனியர் கோப்பைக்கு நான்கு மாதம் முன்பே, இருபது வயதில் ரியோ ஒலிம்பிக்கில் ஆடியவர். ஜூனியராக இருக்கும்போதே ஒரு கால் பெரிய அணிக்குள் இருந்தது. 2001ன் பையன்களுக்கு அடுத்த படியைக் கட்டிவைக்க ஆள் இல்லை.

சிம்ரன்ஜீத்தின் கதையை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். டோக்கியோவுக்கு அவர் முதலில் மாற்று ஆட்டக்காரராகத்தான் போனார். நோய்த்தொற்றுக் காலம் என்பதால் விதியைத் தளர்த்தி, மாற்று ஆட்டக்காரர்களையும் ஆட அனுமதித்தார்கள். ஜெர்மனியை 5-4 என்று வென்ற அந்த வெண்கல ஆட்டத்தில் இரண்டு கோல் அவர் போட்டது! விதி தளராமல் இருந்திருந்தால் அவர் வெளியே உட்கார்ந்து பார்த்திருப்பார். காத்திருப்பவனையும் கைவிடாமல், உடலும் மனமும் தளராமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய முதலீடு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மீதிப் பதினொரு பேர்

லக்னோவின் பதினெட்டில் ஏழு போக, மீதிப் பதினொரு பேர்? அந்த அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வாங்கியவர் ஹர்ஜீத் சிங். லாரி டிரைவரின் மகன். அவர் டோக்கியோ அணியில் இல்லை.

இதில் நேர்மையாகப் பேசவேண்டும். இதை அநியாயம் என்று கூச்சலிட மாட்டோம். பெரிய அணியில் இடம் கொஞ்சம். முன்னவர்களும் அங்கே இருக்கிறார்கள். அடுத்த ஆண்டுப் பையன்களும் வருகிறார்கள். எந்த நாட்டிலும் ஜூனியர்கள் எல்லோரும் சீனியர்கள் ஆவதில்லை. காயம் ஒருவனை நிறுத்தும். வேகம் ஒருவனுக்குப் போதாது. கேட்கவேண்டிய கேள்வி, விழுகிறவன் எங்கே விழுகிறான் என்பதுதான்.

ஜெர்மனியில் பையன் ஊர்க் கழகத்தில் ஆடுகிறான், கூடவே படிக்கிறான். தேசிய அணியில் இடம் இல்லை என்றாலும் கையில் படிப்பு இருக்கிறது, போய் ஆடக் கழகம் இருக்கிறது. நம் பையனோ பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு ஹாஸ்டலுக்குப் போகிறான். காலையும் மாலையும் மைதானம். நடுவில் அரைத் தூக்கத்தில் பள்ளிக்கூடம். இருபத்திரண்டு வயதில் "நீ வேண்டாம்" என்றால் அவன் கையில் மட்டை இருக்கிறது. வேறு என்ன இருக்கிறது?

லீகில் பணம் கொட்டுகிறதே என்பார்கள். ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பரில் லீக் திரும்ப வந்தது நல்லதுதான். அதற்கான ஏலத்தில் ஹர்மன்ப்ரீத்துக்குக் கொடுத்த விலை 78 லட்சம். தலைப்பில் வந்தது அது. கடைசிப் படியில் நிற்பவனுக்கு ஏலத்தின் அடிப்படை விலை 2 லட்சம். அதுவும் ஏலத்தில் எடுத்தால்தான். அந்த வருஷத்துக்கு அது வரும். அடுத்த வருஷம் முட்டியில் அடிபட்டால்?

யார் வளர்த்தார்கள்?

எழும்பூரில் ஆடியவர்களின் பெயரைப் பாருங்கள். எக்கா என்று இருவர். குஜூர் என்று ஒருவர். ஒடிசா, ஜார்க்கண்ட் எல்லையில் வாழும் ஆதிவாசி மக்களின் குடிப்பெயர்கள் அவை. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டம் ஹாக்கியின் விளைநிலம். அங்கே சௌனாமரா என்று ஒரு சிற்றூர். இந்திய அணித் தலைவராக இருந்து, 2022ல் ஹாக்கி இந்தியா ஸ்தாபனத்தின் தலைவரான திலீப் திர்க்கி அந்த ஊர். டோக்கியோவிலும் பாரிஸிலும் தடுப்பில் நின்ற அமித் ரோகிதாஸும் அந்த ஊர். அந்த மண்ணுக்கு ரூர்கேலாவில் 1985ல் சர்க்கார் பன்போஷ் விளையாட்டு ஹாஸ்டலை அமைத்தது. சோறும் மட்டையும் படுக்கையும் சர்க்கார் செலவு.

2025 ஜூனியர் அணியின் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ் யார்? கேரளத்தின் கிராமத்துப் பையன். பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தவர். அதுவும் சர்க்கார் பள்ளி.

நம் கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர் போன ஊர். ஹாக்கிக்கும் பேர் போன ஊர். அங்கே செயற்கைப் புல்தரையும் அரசு விளையாட்டு விடுதியும் வந்தன. விளைவு? 2022ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்கு மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் என இரண்டு இளைஞர்கள் இந்திய அணியில் இடம் பிடித்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிராகத் தன் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார் கார்த்தி. ஆனால் 2024 பாரிஸ் அணியில் தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. 1980ல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவர் நம் வி. பாஸ்கரன் என்பதை நினைத்தால் இந்த இடைவெளியின் நீளம் தெரியும்.

புல்தரை என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று சில தோழர்கள் கேட்கலாம். 1976ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை விரித்தார்கள். அதுவரை பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா ஏழாவது இடத்துக்கு விழுந்தது. மண் தரையில் பந்து துள்ளும், தடுமாறும். செயற்கைத் தரையில் நீர் தெளித்தால் பந்து அம்பாகப் பாயும். பன்னிரண்டு வயதில் அந்த வேகத்தில் பழகியவனுக்கும், பதினேழு வயதில் முதன்முதலாக அதில் கால் வைத்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் பயிற்சியாளராலும் அழிக்க முடியாது. தேர்வு நாளுக்கு முன்பே ஏழைப் பையன் தோற்றுவிடும் இடம் இதுதான்.

வேலை எங்கே?

இன்னொன்று. தியான்சந்த் யார்? பட்டாளத்துச் சிப்பாய். அந்தக் காலம் தொட்டு இந்திய ஹாக்கி சம்பளத்தில் வளர்ந்த ஆட்டம். ரயில்வே, ராணுவம், போலீஸ், பொதுத்துறை வங்கி, விமானக் கம்பெனி, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை என்று பல இடங்களில் ஆட்டக்காரனுக்கு உத்தியோகம் கொடுத்தார்கள். ஆடும் வரை ஆடினான், முடிந்தபின் வேலை பார்த்தான், பென்ஷன் வாங்கினான். அந்தத் தைரியத்தில்தான் ஏழைத் தகப்பன் பிள்ளையை மட்டையோடு அனுப்பினான்.

தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் எதில் மூன்று சதவிகிதம்? நிரந்தர இடம் நூறு இருந்தால் மூன்று பேருக்குக் கிடைக்கும். நூறு இடமும் காண்ட்ராக்ட் ஆகிவிட்டால் மூன்று சதவிகிதம் எவ்வளவு? பூஜ்யம். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் தனியார் கைக்குப் போனது. பொதுத்துறையில் ஒரு கதவு மூடும்போது தொழிலாளி மட்டும் வெளியே நிற்கவில்லை. அவன் மகன் ஆடவேண்டிய அணியும் வெளியே நிற்கிறது. நிரந்தர வேலைக்கான போராட்டமும் ஹாக்கி வளர்ச்சியும் வேறு வேறு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

நாம் கேட்பது

கேட்பது மூன்று. ஒன்று: ஹாக்கி ஊர்களில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் எட்டும் தூரத்தில் செயற்கைத் தரை, போட்டதோடு விடாமல், கிழிந்தால் மாற்றப் பணம். இரண்டு: விடுதியில் முட்டையும் பாலும் போல் படிப்பும் கட்டாயம். மூன்று: தேசிய ஜூனியர் அணியில் ஆடியவனுக்கு நிரந்தர வேலை; பெரிய அணியில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒடிசாவைக் காட்டுவோம். பணக்கார மாநிலம் அல்ல அது. 2024ல் அங்கே ஆட்சி மாறியது. ஹாக்கிக்குக் கொடுக்கும் ஆதரவு மாறவில்லை. 2036 வரை தொடரும் என்று புதிய சர்க்காரும் சொன்னது. ஆட்சி மாறினாலும் மாறாத திட்டம்தான் பன்னிரண்டு வயதுப் பையனை இருபத்திரண்டு வயது வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தோழர்களே! எழும்பூரில் வெண்கலம் வாங்கிய பையன்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்: யார் அணியில் இருக்கிறான், யார் வேலையில் இருக்கிறான், யார் இரண்டிலும் இல்லை என்று. உங்கள் வட்டாரத்துப் பள்ளி மைதானம் மாலையில் திறந்திருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்றும் போய்ப் பாருங்கள். பூட்டிக் கிடந்தால் நகராட்சியில் கேளுங்கள், கூட்டத்தில் கேளுங்கள், திறக்கும்வரை கேளுங்கள்.