"அங்க நம்ம சனம் ஆரு இருக்கறாங்க?"

பைக் எடுத்துக்கிட்டு கொடைக்கானல் போன கோஷ்டியில் நீங்களும் உண்டுதானே? அப்படின்னா வட்டக்கானலுக்கும் போயிருப்பீங்க. டால்பின் நோஸுக்கு இறங்குற வழியில் ஆம்லெட், மேகி, சுக்குக் காபி என்று கடைகள் வரிசை கட்டியிருக்கும். சில கடை போர்டுகளில் நமக்குச் சுத்தமாகப் புரியாத ஒரு எழுத்து இருக்கும். வலமிருந்து இடமாக எழுதும் ஹீப்ரு அது. இஸ்ரேலில் ஸ்கூல் முடித்த பையன், பொண்ணு ரெண்டு பேருக்குமே மிலிட்டரி சர்வீஸ் கட்டாயம். அது முடிந்த கையோடு முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாசக்கணக்கில் உலகம் சுத்தக் கிளம்பிவிடுவார்கள். அதில் ஒரு கூட்டம் வருஷா வருஷம் வட்டக்கானலுக்கு வரும். 'லிட்டில் இஸ்ரேல்' என்று அந்த இடத்துக்குப் பட்டப்பேரே உண்டு.

மூலனூரிலிருந்து தாராபுரம், பழனி தாண்டினால் எங்களுக்குக் கொடைக்கானல்தான். காலேஜ் படிக்கும்போது நாலு பேர் வீட்டில் 'ஐ.வி.' என்று பீலா விட்டுவிட்டு அங்கே போய் நின்றோம். எங்கள் வயசுதான் அவர்களுக்கும். எங்களில் ஒருத்தன், "ஏன் மச்சி, இவங்க வீட்ல எப்படிடா உடறாங்க?" என்று கேட்டான். அவன் அப்பாவிடமிருந்து அதுக்குள் பதினோரு மிஸ்டு கால் வந்திருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து, போன வருஷம் அதே கேள்வி எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்தது.

எங்கள் சித்தப்பா பொண்ணுக்குக் கணக்கு என்றால் உயிர். பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடித்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொல்கத்தாவில் இருக்கும் இந்தியன் ஸ்டாட்டிஸ்டிகல் இன்ஸ்டிடியூட்டுக்கு என்ட்ரன்ஸ் எழுதி, இன்டர்வியூவும் முடித்து, எம்.ஸ்டாட். சீட்டும் வாங்கிவிட்டது. 1931-ல் மகலனோபிஸ் ஆரம்பித்த இடம் அது. இந்தப் படிப்பு படிக்கிறவர்களுக்கு அது ஒரு குலதெய்வக் கோயில் மாதிரி. ஸ்டைபண்டு வேறு உண்டு. நான் துள்ளிக் குதிக்காத குறை.

சித்தப்பா அசையவில்லை. பருத்தி ஏலத்துக்குப் போய்விட்டு வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏண்டா கண்ணு, அத்தனாந்தூரத்துல அங்க நம்ம சனம் ஆரு இருக்கறாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சித்திதான் தலையைத் தூக்காமலே சொன்னாங்க: "நம்ம தோட்டத்துச் சாளையில இருக்கறாளே ஒடிசாக்காரி, அவளுக்கு இங்க ஆருங்க இருக்கறாங்க? அவ புள்ள நம்மூரு பள்ளிக்கூடத்துல தமிழ்ப் பாட்டுப் பாடுது."

கடைசியில் ஒரு டீல் பேசி முடித்தோம். நான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட வேண்டும். ஒரு மாசம் கழித்து சித்தப்பா நேரில் போய்ப் பார்ப்பார். செரிப்பட்டு வரவில்லை என்றால் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். பாப்பா தலையாட்டியது. அழுததா, சிரித்ததா என்று இப்பவும் எனக்குத் தெரியாது.

திருவனந்தபுரத்திலிருந்து கோவை, திருப்பூர் வழியாக ஷாலிமார் போகும் ரயில். ஒண்ணரை நாளுக்கு மேல் உட்கார வேண்டும். பெட்டி முழுக்க நம்ம பனியன் கம்பெனி சனம்தான். எங்கள் எதிர் சீட்டில் முர்ஷிதாபாத் பையன் ஒருத்தன், ஓவர்லாக் டெய்லர், திருப்பூரில் அஞ்சு வருஷம். "அண்ணா, எல்லாரும் அங்கிருந்துதான இங்க வருவாங்க, நீங்க ஏன் ரிவர்ஸ்ல போறீங்க?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தான். உண்மையில் பனியன் தொழிலே ஒரு காலத்தில் ரிவர்ஸில்தான் இருந்தது. பின்னலாடை மிஷின் இந்தியாவில் முதலில் ஓட ஆரம்பித்தது கல்கத்தாவில்தான், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். திருப்பூர் அதற்கெல்லாம் ரொம்ப ஜூனியர்.

அட்மிஷன் வேலை முடிந்தது. ஹாஸ்டலில் பெட்டியை வைத்துவிட்டு ஊர் சுத்த ஒரு நாள் மிச்சம் இருந்தது. பாப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை, நியூ மார்க்கெட்டில் இருக்கும் நாஹூம்ஸ் பேக்கரியில் கேக். 1902-ல் ஆரம்பித்த கடை. கிறிஸ்துமஸ் வந்தால் இங்கே பிளம் கேக் வாங்க மைல் கணக்கில் க்யூ நிற்குமாம். கடையோ யூதக் குடும்பத்துடையது. கிறிஸ்தவப் பண்டிகைக்கு யூதர் கடையில் இந்துவும் முஸ்லிமும் வரிசையில் நின்று கேக் வாங்குகிற ஊர் இது. பழைய மரக் கவுன்டர், கண்ணாடி அலமாரி. கேக்கைக் கடித்துக்கொண்டே பாப்பா கேட்டது: "ஏண்ணா, இங்க யூதர்களா? எப்படி வந்தாங்க?"

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டே அன்று முழுக்க நடந்தோம்.

1798-ல் சிரியாவின் அலெப்போவிலிருந்து ஷாலோம் கோஹன் என்ற ஒரு வியாபாரி கல்கத்தாவுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து பாக்தாத், பஸ்ரா பக்கமிருந்து மற்றவர்கள் வந்தார்கள். அபின், அவுரி, பட்டு, அப்புறம் கட்டடம், நிலம் என்று வியாபாரம் விரிந்தது. 'பாக்தாதி யூதர்கள்' என்று பேர் வந்தது. போலக் ஸ்ட்ரீட்டில் 1856-ல் பெத் எல், அதுக்குக் கொஞ்ச தூரத்தில் 1884-ல் மேகன் டேவிட் என்று பெரிய பெரிய ஜெப ஆலயங்கள் கட்டினார்கள். மேகன் டேவிட்டைத் தூரத்திலிருந்து பார்த்தால் செங்கல் சர்ச் மாதிரி, கடிகாரக் கோபுரத்தோடு இருக்கும். உள்ளே போக ஐ.டி. கார்டு காட்ட வேண்டும், ஆண்கள் தலையில் குல்லா வைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்த ஆலயங்களைக் கூட்டிப் பெருக்கிப் பாதுகாப்பது ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள். சித்தி சொன்ன ஒடிசாக்காரி சட்டென்று ஞாபகத்துக்கு வந்தாள்.

இனிதான் பள்ளிக்கூடம் வருகிறது. 1881-ல் யூதப் பெண் பிள்ளைகளுக்கென்று 'ஜூயிஷ் கேர்ள்ஸ் ஸ்கூல்' ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே பையன்களுக்கு 'எலியாஸ் மேயர் ஃப்ரீ ஸ்கூல்'. காரணம் சிம்பிள். நல்ல இங்கிலீஷ் படிப்பு வேண்டுமென்றால் மிஷனரி ஸ்கூலுக்குத்தான் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். அங்கே அனுப்பினால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடுமோ என்று பெற்றோருக்குப் பயம். (எங்கள் சித்தப்பா மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்!) அதனால் இங்கிலீஷோடு ஹீப்ருவும் பிரார்த்தனையும் சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சப்பாத், அதாவது ஓய்வு நாள், ஆரம்பம். சனிக்கிழமை பொழுது சாயும் வரை அடுப்புகூடப் பற்ற வைக்க மாட்டார்கள். நமக்கு ஞாயிறு லீவு மாதிரி அவர்களுக்குச் சனி. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்கூலிலேயே சாப்பாடும் போட்டார்கள். யூதர் என்றாலே பணக்காரர் என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அது தப்பு. கல்கத்தா யூதர்களில் அன்றாடங்காய்ச்சிகளும் நிறைய. ஸ்கூல்தான் மொத்த சமூகத்துக்கும் நடுவீடு.

அந்த ஸ்கூலில் படித்த பொண்ணு ஒருத்தர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃப்ளவர் சில்லிமன் என்று பேர், 1930-ல் பிறந்தவர். கல்கத்தாவில் யூத வீடு, யூத ஸ்கூல், யூத கிளப், கவுன் என்று வளர்ந்தவர். சுதந்திரம் வருகிற சமயத்தில் டெல்லி லேடி இர்வின் காலேஜில் போய்ச் சேர்ந்தார். பக்கத்து ரூமெல்லாம் வேற வேற சாதி, மதம், பாஷைப் பொண்ணுங்க. வெளியே சுதந்திரப் போராட்டம். இந்தியா என்று ஒன்று இருப்பதையே அந்த ஹாஸ்டலில்தான் அவர் கண்டுபிடித்தார். பின்னாளில் ஜெருசலேமுக்குப் போய் அங்கே இந்தியச் சாப்பாட்டு ஹோட்டல் நடத்தியவர், மறுபடி கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார். இவர் மகள் ஜேல் சில்லிமன் இந்தக் குடும்பக் கதையை 2001-ல் இங்கிலீஷில் புத்தகமாகவே எழுதிவிட்டார். பாப்பாவிடம் இதைச் சொன்னேன். "அவங்க அப்பா எப்படி உட்டாரு?" என்றது. மறுபடியும் அதே கேள்வி!

இன்னொருத்தர் லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப். கல்கத்தா யூதக் குடும்பத்துப் பையன். சின்ன வயசிலேயே டார்ஜிலிங் பக்கம் குர்சியாங்கில் போர்டிங் ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டார்கள். 1971 டிசம்பர் 16-ம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததே, அதற்கான பேச்சு வார்த்தையை நடத்தியவர் இவர்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து ஓடி வந்த யூதர்களும் சேர்ந்து கல்கத்தாவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அப்புறம் 1947-ல் பிரிவினை, 1948-ல் இஸ்ரேல் என்று ஒரு நாடு, வியாபாரம் என்னவாகுமோ என்ற கவலை. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. லண்டன், சிட்னி, அமெரிக்கா, இஸ்ரேல். யாரும் அடித்து விரட்டவில்லை. இதைத்தான் அவர்களே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அண்ணன் போனான், அத்தை போனாள், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை, ஸ்கூலில் பெஞ்சு காலியானது. இன்றைக்கு கொல்கத்தா யூதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்ப ஸ்கூல்?

மூடியிருக்கலாம். போலக் ஸ்ட்ரீட்டிலிருந்து பார்க் ஸ்ட்ரீட்டுக்கு எப்பவோ மாறிவிட்ட ஸ்கூல் அது. பார்க் ஸ்ட்ரீட்டில் அவ்வளவு இடம் என்றால் விலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் மூடவில்லை. மற்ற சமூகத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு அங்கே படிப்பதில் பெரும்பான்மை முஸ்லிம் பெண்கள். யூதப் பொண்ணு ஒருத்திகூடக் கிடையாது. மும்பையில் பைக்குல்லாவின் சர் ஜேக்கப் சசூன் ஸ்கூல், மஸகானின் சர் எல்லி கடூரி ஸ்கூல் ரெண்டிலும் இதே கதைதான்.

ஸ்கூல் விடும் நேரத்துக்குக் கேட்டுக்கு எதிரே போய் நின்றோம். ரிக்‌ஷா, வேன், ஸ்கூட்டர், அம்மாக்கள், ஐஸ் வண்டி. நம்ம ஊர் ஸ்கூல் வாசல் எப்படியோ அப்படியே. புள்ளைங்க கொட்டின மாதிரி வெளியே வந்தார்கள். சிலர் தலையில் முக்காடு. யூனிஃபார்ம் பேட்ஜில் ஆறு முனை நட்சத்திரம். டி.வி.யில் அந்த நட்சத்திரத்தை நாம் எங்கே பார்க்கிறோம்? டாங்கி மேலே. 2023 அக்டோபருக்குப் பிறகு தினமும் பார்த்தோம். இங்கே அது ஒரு ஏழாங்கிளாஸ் பொண்ணு சட்டையில், சாக்லேட் கறையோடு இருந்தது.

பாப்பா தைரியமாகப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் அரைகுறை ஹிந்தியில் அதைப் பற்றிக் கேட்டுவிட்டது. எனக்குத்தான் பதறியது. அந்த அம்மா கண்டுகொள்ளவே இல்லை. "அது ஸ்கூல் பேட்ஜ். நானும் போட்டிருந்தேன், நானும் இந்த ஸ்கூல்தான்" என்றார். அவ்வளவுதான். மத நல்லிணக்கம் என்று இதற்குப் பேனர் கட்ட எனக்கு விருப்பமில்லை. இங்கிலீஷ் மீடியம், பொண்ணுங்க மட்டும், வீட்டுக்குப் பக்கம், பழைய பேர். அப்பாமார் சம்மதிக்க இது போதும். சித்தப்பாக்களும் இப்படித்தான் சம்மதிப்பார்கள்.

வெளிநாட்டு யூத ஸ்கூல் பிள்ளைகள் போகும் ஒரு டூரைப் பற்றி அன்று ராத்திரி பாப்பாவிடம் சொன்னேன். 'மார்ச் ஆஃப் தி லிவிங்' என்று பேர். 1988-லிருந்து நடக்கிறது. பல நாட்டு மாணவர்கள் போலந்துக்குப் போய், ஹிட்லர் ஆட்கள் லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸிலிருந்து பிர்கெனாவ் வரை, சுமார் 3 கிலோமீட்டர், பேச்சுமூச்சில்லாமல் நடப்பார்கள். அப்புறம் இஸ்ரேல் போவார்கள். நம்ம சனத்துக்கு என்ன நடந்தது என்று பார்க்கப் போகிற டூர். கேட்டுவிட்டு பாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இந்த ஸ்கூல் பொண்ணுங்கள எங்கண்ணா டூர் கூட்டிட்டுப் போவாங்க?" என்றது. தெரியாது கண்ணு என்றேன். "விசாரிக்கிறேன்" என்றது. அந்த 'விசாரிக்கிறேன்'ல எனக்கு நிம்மதி வந்துவிட்டது. ஊரில் தங்கப் போகிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

ஒரு மாசம் கழித்து, சொன்ன மாதிரியே சித்தப்பா கிளம்பினார். ஒரு பை முருங்கைக்காய், ஒரு தூக்குப்போசி புளிசாதம், மாற்று வேட்டி ரெண்டு. முர்ஷிதாபாத் பையன் நம்பரை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார், வழியில் ஏதாவது என்றால் பேசுவதற்கு. சித்தி நாலு நாளும் செல்போனைக் கையிலிருந்து இறக்கவில்லை.

தனியாகத்தான் திரும்பி வந்தார். கையில் நாஹூம்ஸ் கேக் டப்பா.

"அந்த ஸ்கூலப் பார்த்தீங்களா சித்தப்பா?"

"பாப்பாதான் கூட்டிட்டுப் போச்சு. கேட்டுக்கு முன்னால வண்டி நிறுத்தத் துளி எடமில்லீடா. எப்படித்தான் சமாளிக்கறாங்களோ" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். "இதுல முட்டை போட்டிருக்குதாமா? அமாவாசை கழிஞ்சு திங்கலாம். செரி, பாப்பா டிசம்பர்ல லீவுக்கு வருது. அந்த ரயில்ல இப்பவே டிக்கெட் இருக்குதான்னு பாரு. போக, வர ரெண்டுக்கும் போட்டுரு."